பதற்றமும் நம்மைக் கவனிப்பதும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து ஆலோசனைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. யார் கேட்டார் என்று தெரியாதபடி கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் முறையாக நெஞ்சு படபடத்துப் பயந்துபோயிருந்தால் நேராக இரண்டாவது கேள்விக்குப் போங்கள்.

1. பயம் எல்லாருக்கும்தானே இருக்கிறது? எப்போது அதை நோய் என்று சொல்வது?

இருக்கிறது, இருக்கவும் வேண்டும். காட்பாடி மேம்பாலத்தில் பஸ் உரசுகிற மாதிரி போனால் யோசிப்பதற்கு முன்பே உடம்பு ஒதுங்கிவிடுகிறதே, அந்த வேலையைச் செய்வது பயம்தான். பஸ்ஸே இல்லாத நேரத்திலும் அது வரும், வரும் என்று உடம்பு விறைத்துக்கொண்டு காத்திருந்தால் அது பதற்றம்.

பெரும்பாலான நாட்களில், 6 மாதத்துக்கும் மேலாக, ஒன்று மாற்றி ஒன்றாகக் கவலை ஓடிக்கொண்டிருந்து, கூடவே தூக்கக் குறைவு, தசை இறுக்கம், எரிச்சல், களைப்பு என்று இருந்தால் மருத்துவர்கள் அதைப் பொதுவான பதற்றக் கோளாறு என்கிறார்கள். ஆனால் 6 மாதக் கணக்கைவிட நான் முதலில் கேட்பது வேறு: இதனால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்? கல்யாண வீட்டுக்குப் போவதை விட்டாச்சு, வண்டி ஓட்டுவதை விட்டாச்சு, பதவி உயர்வு வந்தும் வேண்டாம் என்று சொல்லியாச்சு என்று பட்டியல் நீண்டால், காலக்கெடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வந்துவிடுங்கள்.

2. நெஞ்சு படபடக்கிறது, கை கால் உதறுகிறது, செத்துவிடுவேன் போல இருக்கிறது. இது இதயமா, கேஸா, பதற்றமா?

முதல் முறை என்றால் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'கேஸ்' என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. அதில் உயிரே போயிருக்கிறது. நெஞ்சை அழுத்துகிற வலி, அது தோள், இடது கை, தாடைக்குப் பரவுவது, படியேறினால் அதிகமாவது, குளிர்ந்த வியர்வை, மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஈசிஜி சரியாக இருக்கிறது, மருத்துவரும் பார்த்துவிட்டார் என்றால், தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி படபடப்பு வரும். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கினாலும் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் வருகிறது என்றால் அது பெரும்பாலும் பீதித் தாக்குதல். உடம்பு ஆபத்து என்று தப்பாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு அவசரமாகிறது. வேக வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போவது, தலை கிறுகிறுப்பது, சுற்றியுள்ளதெல்லாம் நிஜமில்லாதது போலத் தோன்றுவது எல்லாம் அதனால்தான். அதைப் பார்த்ததும் இன்னும் பயம், இன்னும் வேகமான மூச்சு. பொதுவாக 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் பெருமளவு இறங்கிவிடும். காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்வார்கள். அது வேண்டாம். வந்திருப்பது வேறு நோயாக இருந்தால் ஆபத்து.

இன்னொன்று. ஒரு முறை நன்றாகப் பரிசோதித்துவிட்ட பிறகு, ஒவ்வொரு படபடப்புக்கும் ஓடிப்போய் ஈசிஜி எடுத்தால் அந்த ஓட்டமே பதற்றத்தை வளர்க்கும். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வரும் நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

3. சித்திரை, வைகாசியில் மட்டும் எனக்கு அதிகமாகிறது. அப்படியும் உண்டா?

வேலூர் வெயிலில் உண்டு. 40 டிகிரியைத் தாண்டும் நாளில் நீர்ச்சத்து குறைந்தால் இதயம் வேகமாகத்தான் துடிக்கும், தலை சுற்றத்தான் செய்யும். ஏற்கெனவே பீதித் தாக்குதல் வந்தவருக்கு அந்தத் துடிப்பே 'வந்துடுச்சு' என்று தோன்றிவிடும். முதலில் நிழலுக்குப் போய்த் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். புழுக்கத்தில் தூங்காத இரவுக்கு மறுநாளும் மனசு சீக்கிரம் அடித்துக்கொள்ளும். குழப்பமாகப் பேசுவது, உடம்பு கொதிப்பது என்றால் அது வெப்பத் தாக்கு, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

4. 'உன்னை நீயே கவனி' என்கிறார்கள். நான் எந்நேரமும் என்னைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அதனால்தானே இது அதிகமாகிறது?

நல்ல கேள்வி. சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை. உங்கள் சந்தேகம் நியாயமானது. தன்னைப் பற்றி நிறைய யோசிப்பதும் தன்னை அறிவதும் ஒன்று அல்ல. 1999-இல் டிராப்னெல், கேம்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள். பயத்தாலும் இழப்பாலும் உந்தப்பட்டு ஒன்றையே அரைத்துக்கொண்டிருப்பது ஒரு வகை. நான் எப்படிப்பட்டவன் என்று ஆர்வத்தோடு பார்ப்பது இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே உட்கார்ந்து யோசிக்கிற ஆள்தான்.

வித்தியாசத்தைக் கேள்வியை வைத்தே கண்டுபிடிக்கலாம். 'ஏன் எனக்கு மட்டும் இப்படி? ஏன் நான் மட்டும் கோழை?' என்று ஓடினால் அது அரைப்பது. அதற்கு இரவு 2 மணி வரைக்கும் பதில் கிடைக்காது. 'எப்போது தொடங்கியது? உடம்பில் எங்கே? அந்த நேரம் மனதில் ஓடிய வாக்கியம் என்ன? அடுத்து நான் என்ன செய்தேன்?' என்பது கவனிப்பது. இதற்கெல்லாம் பதில் உண்டு, அதுவும் சின்னப் பதில். எழுதிவிட்டு எழுந்து போய்விடலாம்.

நாலு பேர் மத்தியில் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மீட்டிங்கில் பேசும்போது 'குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா' என்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பது கூச்சத்தைத் தக்கவைக்கிறது. சமூகப் பதற்றத்துக்காக 1995-இல் கிளார்க், வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் தந்த விளக்கத்தின் மையமே இதுதான். அந்த நேரத்தில் கவனம் வெளியே போக வேண்டும்: எதிரில் இருப்பவர் என்ன கேட்டார், என்ன சட்டை போட்டிருக்கிறார், எந்த இடத்தில் சிரித்தார். தன்னைக் கவனிப்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு, 5 நிமிடம் போதும்.

5. குறிப்பேட்டில் என்னதான் எழுதுவது?

கவிதை வேண்டாம். இடம், உடம்பு, மனதில் ஓடிய வாக்கியம், நான் செய்தது. நாலே நாலு.

ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். 'காலை 10 மணி, மேனேஜர் போன். வயிற்றைக் கலக்கியது, வாய் உலர்ந்தது. ஏற்றுமதி சரக்கு திரும்பி வந்துவிட்டது, என் வேலை போகப்போகிறது. போனை எடுக்கவில்லை, பாத்ரூமுக்குப் போய்விட்டேன், பிறகு உதவியாளரை விட்டுப் பேசச் சொன்னேன்.' இவ்வளவுதான்.

பலரும் முதல் மூன்றை எழுதிவிட்டு நாலாவதை விட்டுவிடுவார்கள். எனக்கு அந்த நாலாவது இல்லாமல் வேலையே நடக்காது. இரண்டு வாரம் எழுதிய பக்கங்களைப் புரட்டினால், பயப்படும் விஷயங்கள் வேறு வேறாக இருந்தாலும் தப்பித்த வழி ஒன்றாகவே இருப்பது தெரியும். போனை எடுக்காதது, வேறு ஒருவரை அனுப்புவது, 'அப்புறம் பார்க்கலாம்' என்பது. தப்பித்த உடனே ஒரு நிம்மதி வருகிறது இல்லையா, அதுதான் கூலி. மூளை அந்தக் கூலியை மறக்காது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரமாக வரும். மேனேஜர் என்ன சொல்லக் கூப்பிட்டார் என்பது அவருக்கு இன்னும் தெரியாது என்பதையும் கவனியுங்கள்.

6. மூச்சுப் பயிற்சி உண்மையிலேயே உதவுமா?

உதவும். அதன் வேலை என்ன என்று தெரிந்து செய்தால். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு மெதுவாகும். நிமிடத்துக்கு 6 மூச்சு என்பது வசதியான அளவு: 4 எண்ணும் வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும் வரை விடுவது. ஆழமாக இழுக்க முயலாதீர்கள், மெதுவாக இருந்தால் போதும். தாக்குதல் வரும் நேரத்தில் முதல் முறையாக முயன்று 'எனக்கு வேலை செய்யலை' என்கிறார்கள். சும்மா இருக்கும் நேரத்தில், தினமும் இரண்டு வேளை, 5 நிமிடம் பழகியவருக்குத்தான் அவசரத்தில் கைகொடுக்கும்.

ஆனால் 'மூச்சுப் பயிற்சி செய்தால்தான் கடைக்குள் நுழைவேன்' என்ற நிலைக்கு வந்தால் அதுவும் ஒரு தப்பிக்கும் வழியாகிவிட்டது. அப்போது பயிற்சியைக் குறைத்துக்கொண்டு கடைக்குள் நுழைவதைக் கூட்ட வேண்டும்.

7. ரயிலில் ஒரு முறை பீதி வந்தது. அதிலிருந்து காட்பாடியில் ரயில் ஏறவே முடியவில்லை. வேலை சென்னையில்.

இதற்கு நன்றாகப் பலன் தரும் வழி படிப்படியாகப் பழக்கிக்கொள்வது. பயத்தை அடக்கிவிட்டு ரயில் ஏறக் காத்திருந்தால் அந்த நாள் வராது. ஏறினால்தான் பயம் குறையும்.

காட்பாடியிலிருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர். இந்தத் தடம் இதற்கு ரொம்ப வசதி, ஏனென்றால் இடையில் இறங்குவதற்கு நிலையங்கள் இருக்கின்றன. முதலில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, ரயில் வந்து போகும்வரை நிற்பது. பல நாள் இதையே செய்யலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிறகு பாசஞ்சர் வண்டியில் திருவலம் வரை. பிறகு வாலாஜா ரோடு, சோளிங்கர், அரக்கோணம், கடைசியில் சென்னை. ஒவ்வொரு கட்டத்தையும் சலிப்பு வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். சலிப்பு வந்தால் அடுத்த கட்டத்துக்குத் தயார்.

ஏறுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்: 'என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்?' மயங்கி விழுவேன், பைத்தியம் பிடிக்கும், மானம் போகும், எதுவானாலும் சரி. இறங்கியதும் என்ன நடந்தது என்று அதன் கீழே எழுதுங்கள். நான் பார்த்தவரை மக்களை மாற்றுவது அந்த இரண்டாவது வரிதான். எத்தனை ஆலோசகர் சொன்னாலும் மனசில் அந்த அளவுக்கு இறங்காது.

கதவோரம் நிற்பது, போனை இறுகப் பிடித்துக்கொள்வது, மாத்திரையைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, துணைக்கு மச்சானைக் கூட்டிப்போவது எல்லாம் பாதுகாப்பு நடத்தைகள். ஆரம்பத்தில் இருக்கட்டும். கடைசிவரை வைத்துக்கொண்டால் 'மச்சான் இருந்ததால் தப்பித்தேன்' என்றுதான் மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். ஒவ்வொன்றாக விடுங்கள். நடுவில் பீதி வந்தால் அடுத்த நிலையத்தில் குதித்து இறங்காமல், உச்சிக்குப் போய் இறங்கும்வரை உட்கார்ந்திருக்கப் பாருங்கள். முடியாமல் இறங்கிவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வண்டியில் ஏறுங்கள்.

8. படுத்தால் யோசனை. பகலில் ஒன்றும் இல்லை.

பகலில் ஒதுக்கிவைத்ததுதான் இரவில் வருகிறது. மாலையில் 20 நிமிடத்தைக் கவலைக்கென்று ஒதுக்குங்கள், ஒரே இடம், ஒரே நேரம், படுக்கை அறையில் வேண்டாம். மற்ற நேரத்தில் வந்தால் ஒரு சொல்லில் குறித்துவைத்து 'ஏழு மணிக்குப் பார்க்கலாம்' என்று விடுங்கள். ஏழு மணிக்குப் பார்க்கும்போது பாதி விஷயம் உப்புச்சப்பில்லாமல் இருக்கும்.

9. காபியை விடணுமா?

விட வேண்டாம், நேரத்தைப் பாருங்கள். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கிறது. டீக்கும் இது பொருந்தும். பீடி, சிகரெட் பதற்றத்தைத் தணிப்பதாகத் தோன்றும். நிக்கோட்டின் குறைந்ததால் வந்த தவிப்பைத்தான் அது தணிக்கிறது. மது அதைவிட மோசம். இரவில் அடக்கி வைத்ததை விடிகாலையில் வட்டியோடு திருப்பித் தரும்.

10. பிரச்சினை நிஜமாகவே இருக்கிறது. குழுக் கடன், தவணை. பதற்றம் மட்டும் எப்படிக் குறையும்?

குறையாது, குறையவும் கூடாது. தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது அநியாயம். கவனித்துப் பார்ப்பதன் பயன் இங்கே வேறு. எது பிரச்சினை, எது கற்பனை என்று பிரித்துக்கொள்வது. 'வரும் 10-ஆம் தேதி 3,000 ரூபாய் கட்ட வேண்டும்' என்பது பிரச்சினை. அதற்கு யாரிடம் பேசுவது, எந்தக் கடனை முதலில் அடைப்பது, எதை விற்பது என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம். 'பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள், சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்' என்பதற்குக் கணக்குப் போட முடியாது. முதலாவதுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள், இரண்டாவதுக்கு எவ்வளவு என்று ஒரு நாள் பாருங்கள்.

11. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மணிக்கொரு தரம் போன் செய்து 'அம்மா, எனக்கு ஒன்றும் ஆகாதுல்ல?' என்கிறாள். 'ஆகாதும்மா' என்று சொல்லத்தானே வேண்டும்?

பெற்ற மனசுக்கு அப்படித்தான் சொல்ல வரும். ஆனால் அந்தப் பதிலின் ஆயுள் ஒரு மணி நேரம் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதட்டி போனை வைக்கவும் வேண்டாம். முன்கூட்டியே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்: 'பயமா இருக்குன்னு தெரியுதும்மா. இதுக்கு நான் பதில் சொன்னா மறுபடியும் கேட்பேன்னு நீயே சொன்னியே. இன்னிக்கு என்ன சமைச்ச?' என்கிற மாதிரி. முதல் வாரம் அழுவாள், போன் இன்னும் அதிகமாகக்கூட வரும். அப்புறம் குறையும். நீங்களும் 'போய்ச் சேர்ந்தியா, சாப்ட்டியா, ஏன் போன் எடுக்கல' என்று கூப்பிடுவதைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். சில வீடுகளில் பதற்றம் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்பதே தெரியாது.

12. தாயத்து கட்டினோம், தர்காவில் ஓதினோம். தப்பா?

தப்பில்லை. பயந்த கோளாறு என்று மந்திரித்துவிட்டு வந்து நன்றாகத் தூங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையோடு ஒருவர் தலையில் கைவைத்தால் உடம்பு தளரும். ஆனால் அடிக்கிற இடம், கட்டிப்போடுகிற இடம், 'மாத்திரையை நிறுத்து' என்று சொல்கிற இடம் என்றால் அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். 'கல்யாணம் பண்ணினா சரியாயிடும்' என்பதையும் இந்த வரிசையில்தான் சேர்ப்பேன். அதில் இன்னொருவரின் வாழ்க்கையும் சிக்கிக்கொள்வதால் இன்னும் கண்டிப்பாக வேண்டாம்.

13. மாத்திரை எடுத்தால் அடிமையாகிவிடுவோமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகை போதைப் பழக்கம் உண்டாக்குவதில்லை. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும், முதல் சில நாட்களில் படபடப்பு கொஞ்சம் கூடலாம். அதைப் பார்த்துப் பயந்து நாலாம் நாளே நிறுத்துகிறவர்கள் நிறைய. சரியான பிறகும் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

அல்பிரசோலம், குளோனசெபம் வகை வேறு. அரை மணி, ஒரு மணி நேரத்தில் அமைதி தரும், அதனாலேயே பழகிவிடும். குறுகிய காலத்துக்கு மட்டும், சீட்டின் பேரில் மட்டும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்த வேண்டாம், வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி மெல்லக் குறையுங்கள்.

14. இதில் வளர்ச்சி எங்கே வருகிறது? பதற்றம் போனால் போதுமே.

பதற்றம் முழுக்கப் போய்விடும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. சென்னைக்கு ரயிலில் போய்வருகிறவருக்கு இன்னமும் சில நாள் அரக்கோணம் தாண்டும்போது நெஞ்சு படபடக்கலாம். முன்பு அந்தப் படபடப்பைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதை முடிவு செய்தார். இப்போது அது பாட்டுக்கு இருக்கிறது, இவர் பாட்டுக்குப் பேப்பர் படிக்கிறார். வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். எவ்வளவு அமைதியாக இருக்கிறீர்கள் என்று அளக்காதீர்கள். முதல் கேள்வியில் போட்ட பட்டியலில், விட்டதில் எத்தனையைத் திரும்ப எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

பதற்றம் எங்கே வருகிறது என்பதிலும் தகவல் இருக்கிறது. அக்கறையே இல்லாத விஷயத்தில் யாரும் பதறுவதில்லை. மேடையைக் கண்டு நடுங்குகிற ஆசிரியைக்கு நன்றாகப் பேச வேண்டும் என்ற ஆசை உள்ளே இருக்கிறது. நீட், டிஎன்பிஎஸ்சி எழுதுகிற பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஓரளவு பதற்றம் படிப்பைக் கூட்டும், அளவு மீறினால் கெடுக்கும். இந்தக் கருத்துக்கு அடிப்படை 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்கள் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வு. அதனால் பிள்ளையிடம் 'பயப்படாதே' என்பதற்குப் பதில் 'பயமா இருந்தா பரவாயில்ல, ரெண்டாவது கணக்கைப் போடு' என்று சொல்லலாம்.

15. எங்கே போவது? செலவாகுமா? வெளியே தெரிந்துவிடுமா?

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. சேர்க்கும் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் கூடத் தங்குவது அங்கே நீண்டகால வழக்கம். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும், இலவசமாக. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை அது. தமிழக அரசின் 104 உதவி எண்ணும் இருக்கிறது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது உங்கள் உரிமை. உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பாலிசியில் இல்லை என்று ஏஜென்ட் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

16. வீட்டில் ஒருவர் 'இருந்து என்ன பிரயோஜனம்' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

சும்மா சொல்கிறார் என்று விட வேண்டாம். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, எலி மருந்து, மாத்திரைப் பட்டைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இரவு நேரமானால் 14416-க்குப் பேசிக்கொண்டே விடியும்வரை கூட இருங்கள். ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டார் என்றால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 108-ஐக் கூப்பிட்டு, குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள்.